உங்களுக்காக யார் பதில் சொல்வார்?

மெதெயினுக்கு வந்த மூன்றாம் நாள், தெருமுனை மளிகைக் கடையில் முட்டை வாங்க நின்றிருந்தேன். கல்லாவுக்கு மேலே தொங்கிய அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘ஓய் நோ பீயோ, மன்யானா சீ.’ இன்று கடன் கிடையாது, நாளைக்கு உண்டு. ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்ற பலகையைத் திருப்பூர்க் கடைகளில் பார்த்து வளர்ந்தவளுக்கு அதற்கு அகராதி தேவைப்படவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் எனக்கு முழுதாகப் புரிந்த முதல் ஸ்பானிஷ் வாக்கியம் அதுதான்.

‘பியார்’ என்றால் கடனுக்குக் கொடுப்பது. நம்பிக் கொடுப்பது என்பது அதன் அடியில் கிடக்கும் பொருள். அந்தச் சொல்லின் குடும்பத்திலேயே இன்னொரு சொல் இருக்கிறது. ‘பியாதோர்’, ஒருவருக்காகப் பிணை நிற்பவர். அடுத்த ஆறு வாரம் என் தூக்கத்தைத் தின்றது அந்தச் சொல்.

நான் பின்னலாடைத் தர ஆய்வாளர். பவர் டேபிளும் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் இரைகிற சத்தத்தில் இருபது வருடம் நின்றவள். 2023 பிப்ரவரியில் பதினான்கு மாத ஒப்பந்தத்தில் கொலம்பியாவின் மெதெயின் நகரத்துக்கு வந்தேன். இதுவும் துணியால் வளர்ந்த ஊர். நகர நடுவே 1972-இல் கட்டி முடித்த கோல்தெஹேர் கட்டடம் நிற்கிறது. ஒரு துணி ஆலையின் தலைமையகமாக எழுந்த அதன் உச்சியைத் தையல் ஊசியின் முனைபோலக் கூராக்கி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் மெட்ரோவிலிருந்து அதைப் பார்த்தபோது, நான் அவ்வளவு தூரம் வந்துவிடவில்லை என்று தோன்றியது. ஊரின் உயரமும் ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரம், சுமார் 1,500 மீட்டர். வருடம் முழுக்க மின்விசிறியும் வேண்டாம், கணப்பும் வேண்டாம். ஆபுரா பள்ளத்தாக்கின் இரண்டு பக்கச் சரிவுகளிலும் பூசாத செங்கல் வீடுகள் மலை விளிம்புவரை ஏறிப் போகின்றன.

நிறுவனம் விசாவுக்கு ஏற்பாடு செய்தது, முதல் மாதத்துக்கு ஓர் அறையும் தந்தது. அதற்குப் பிறகு வீடு என் பொறுப்பு. என் ஸ்பானிஷ், ஆறு மாதம் இரவுகளில் படித்த ஸ்பானிஷ். நிறம், அளவு, விலை, தையல் பிசகு, நூல் அறுந்தது, பட்டன் கழன்றது எல்லாம் சொல்வேன். ஒரு வீட்டைப் பற்றி ஒரு முழு நிமிடம் பேச வராது.

பாடப் புத்தகம் வாடகைக்கு ‘அல்கிலேர்’ என்ற சொல்லைத்தான் கற்றுக்கொடுத்திருந்தது. இங்கே ஜன்னல்களில் தொங்குவது ‘செ அர்ரியெந்தா’. முதல் வாரம் அந்தப் பலகைகளை விற்பனை அறிவிப்பு என்று நினைத்துக் கடந்துபோனேன். அடுத்தது விலை. கொலம்பியர்கள் வாடகையைச் சொல்லும்போது மில்லியன் என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். ‘தோஸ் தோஸியெந்தோஸ்’ என்றால் இரண்டு, இருநூறு. அதாவது 22 லட்சம் பெசோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 38,000 ரூபாய். பிறகு ‘அட்மினிஸ்திராசியோன்’ சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்க வேண்டும். அது நம் அடுக்ககங்களின் பராமரிப்புத் தொகை. கேட்க மறந்தால் வாடகையோடு இன்னும் சில லட்சம் பெசோ ஏறும்.

தொலைபேசியில் பேசுவதுதான் மிகக் கடினம். எதிரில் இருப்பவரின் கையும் கண்ணும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும். தொலைபேசியில் அந்தப் பாதி கிடைக்காது. நல்லவேளையாக இந்த ஊரில் எல்லாரும் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புகிறவர்கள். ஒரு நிமிடப் பதிவை ஐந்து முறை கேட்பேன். புரியாத சொல்லைக் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிவைத்து, மறுநாள் ஆலையில் யாரிடமாவது வாசித்துக் காட்டிக் கேட்பேன். தமிழ் எழுத்தில் எழுதிய ஸ்பானிஷ் அந்தக் குறிப்பேட்டில் நாற்பது பக்கம் இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

வாடகைத் தரகு அலுவலகங்களுக்கும் போனேன். முதல் அலுவலகத்தில் ஒரு பெண் அன்பாகப் பேசி ஒரு தாளை நீட்டினாள். வேலைச் சான்று, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வெளிநாட்டவருக்கான அடையாள அட்டையான செதுலா, இரண்டு பியாதோர். அந்த இருவரில் ஒருவருக்காவது சொந்தமாக வீடோ நிலமோ இருக்க வேண்டும். இரண்டாவது அலுவலகத்திலும் அதே தாள். மூன்றாவதில், பிணையாள் இல்லாவிட்டால் வங்கியில் வைப்புநிதி போட்டுக் காட்டலாம் என்றார்கள். வைப்புநிதிக்கு வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்குச் செதுலா வேண்டும், செதுலா அச்சாகி வரச் சில வாரம் ஆகும்.

ஆறு மாத முன்பணம் தருகிறேன் என்றேன். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துக் குடியிருந்த எனக்கு அது இயல்பாக வாயில் வந்தது. முதல் அலுவலகத்துப் பெண் மறுத்துத் தலையசைத்தாள். அவள் சொன்னது அப்போது புரியவில்லை. அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது. கொலம்பியாவின் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எண் 820, குடியிருப்பு வாடகைக்கு ரொக்க வைப்புத்தொகை வாங்குவதையே தடுக்கிறது. மாத வாடகை அந்த வீட்டின் சந்தை மதிப்பில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வாடகையை ஏற்றலாம், அதுவும் முந்தைய ஆண்டின் விலைவாசி உயர்வு அளவுக்குள். 2022-இல் அந்த உயர்வு 13.12 விழுக்காடாக இருந்ததால், நான் போய் இறங்கிய வருடம் வாடகைக்காரர்கள் பேச்செல்லாம் அந்த எண்ணைச் சுற்றியே இருந்தது.

எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் மரியாதை உண்டு. பத்து மாத வாடகையை ஒரே நாளில் புரட்ட முடியாமல் நல்ல வீட்டைக் கைவிட்ட தையல்காரக் குடும்பங்களை எங்கள் ஊரில் எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்காரருக்கும் ஒரு பயம் இருக்கத்தானே செய்யும்? பணத்தைப் பிடித்துவைக்க முடியாதபோது அவர் ஆளைப் பிடித்துவைக்கிறார். அதனால் இங்கே மனிதர்தான் அட்வான்ஸ். மாமாவோ அண்ணனோ பழைய முதலாளியோ கையெழுத்துப் போடுவார். அப்படி ஒருவரும் இல்லாதவர்தான் வெளியூர்க்காரர்.

வேறு வழி இருந்தது. வெளிநாட்டவருக்கென்று மேசை, கட்டில், கரண்டிவரை வைத்துத் தயாராகக் கொடுக்கும் வீடுகள். பிணை கேட்க மாட்டார்கள். வாடகை இரண்டு மடங்கு. பெருந்தொற்றுக்குப் பிறகு மடிக்கணினியோடு வந்து தங்குகிறவர்கள் பெருகியதால், லவுரெலெஸ், எல் பொப்லாதோ பகுதிகளில் பல வீடுகள் நாள் வாடகைக்கும் மாத வாடகைக்கும் மாறிவிட்டன. என்னோடு வேலை செய்த இரண்டு பெண்கள் பிறந்து வளர்ந்த பேட்டையை விட்டு மேட்டுக்குக் குடிபோயிருந்தார்கள். அந்த வாடகையை நானும் கொடுத்தால், அடுத்த வீட்டுக்காரருக்கும் அந்த விலையைக் கற்றுக்கொடுத்தவள் ஆவேன். அதனால் உள்ளூர்க்காரர் வாடகைக்கு எடுக்கிற வழியிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

மார்ச் மாதச் சனி, ஞாயிறுகளில் லவுரெலெஸில் நடந்தேன். சுவரோவியங்களுக்காக இந்த ஊர் கொண்டாடும் பெத்ரோ நெல் கோமெஸ் ஓவியர் மட்டுமல்ல, பொறியாளரும்கூட. இந்தப் பேட்டையை 1940-களில் வட்ட வட்டத் தெருக்களாக வகுத்தவர் அவர். மெதெயினின் மற்ற இடங்களில் முகவரியே வழி சொல்லிவிடும். தெருவின் எண், குறுக்குத் தெருவின் எண், அந்த முனையிலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்பது அதிலேயே இருக்கும். லவுரெலெஸின் வளைவுகளுக்குள் போனால் அந்தக் கணக்கு கலைந்துவிடும். நேராகத்தான் நடந்தோம் என்று நினைத்தால் புறப்பட்ட மரத்தடிக்கே திரும்பியிருப்போம். நல்ல நிழல். மசமோர்ரா விற்பவர் ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார். மசமோர்ரா என்பது வேகவைத்த வெள்ளைச் சோளம், நம் மக்காச்சோளம்தான். பாலில் போட்டு, கொய்யாப்பழ வில்லையைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். நான் வெறும் வயிற்றில் அலைந்த நாட்களில் அதுதான் என் கம்மங்கூழ்.

கட்டடம் கட்டடமாக வாயிற்காவலர்களிடம் கேட்டேன். ‘போர்த்தேரோ’ என்கிறார்கள். எந்த வீடு காலியாகப் போகிறது என்பது தரகருக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். இப்படிக் கேட்டு அலைந்ததில்தான் இந்த மக்களின் பேச்சு என் காதுக்குள் இறங்கியது. ஸ்பானிஷில் ‘நீ’க்கு ‘தூ’, ‘நீங்கள்’ என்பதற்கு ‘உஸ்தெத்’ என்று பாடத்தில் படித்திருந்தேன். நண்பர்களுக்குள் ‘வோஸ்’ என்பதும் இங்கே புழங்குகிறது. ஆனால் இந்த ஊரில் அம்மா தன் ஐந்து வயதுப் பிள்ளையை ‘உஸ்தெத்’ என்கிறாள். கணவனும் மனைவியும் ‘உஸ்தெத்’. நாய்க்குட்டியைக்கூட ‘நீங்க வாங்க’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது விநோதமாக இருக்கலாம். குழந்தையை “வாங்க கண்ணு, சாப்பிடுங்க” என்று கூப்பிடுகிற கொங்கு நாட்டிலிருந்து வந்தவளுக்கு ஊர் நினைவில் கண் நிறைந்துவிட்டது. முன்பின் தெரியாத என்னை அந்தக் காவலர்கள் ‘மி ரெய்னா’ என்றார்கள். என் ராணி என்று பொருள். நான் அதைக் ‘கண்ணு’ என்று மொழிபெயர்த்துக்கொண்டேன்.

மூன்றாவது ஞாயிறு, ஒரு வயதான காவலர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு யாருக்கோ போன் செய்தார். பத்து நிமிடத்தில் வீட்டுக்கார அம்மா வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மூன்றாம் மாடி, இரண்டு அறை, மேசை நாற்காலி ஒன்றும் இல்லாத வெறும் வீடு. சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் இடத்தில், வரிவரியாகக் கோடு இழுத்த துவைகல் பதித்த தொட்டி இருந்தது. இவ்வளவு தூரத்தில், மூன்றாம் மாடியில், ஒரு துவைகல். அதன்மேல் கை வைத்தபடி, “எனக்குப் பிடித்திருக்கிறது” என்று சரியான இலக்கணத்தில் சொன்னேன்.

கீழே தன் வீட்டுக்கு அழைத்துப்போய் அகுவாபனேலா கொடுத்தார். கரும்பு வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து எலுமிச்சை பிழிந்தது. ஏலமும் சுக்கும் சேர்த்தால் நம் பானகம். இதற்கு எங்கள் ஊரிலும் ஒரு பெயர் உண்டு என்று சொல்ல முயன்றேன். கோயில், தேர், கோடை என்று சொல்லத் தெரிந்த சொற்களை அடுக்கினேன். ஆசிரியை அல்லவா, பொறுமையாகக் கேட்டு, என் வாக்கியத்தைத் திருத்தி, என்னையே திரும்பச் சொல்லவும் வைத்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“கியென் ரெஸ்போந்தே போர் உஸ்தெத்?”

உங்களுக்காக யார் பதில் சொல்வார்? பிணையாள் உண்டா என்பதை இந்த ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். அவர் கேட்டதில் ஒரு கடுமையும் இல்லை. எனக்குத்தான் அது வேறு எங்கோ போய்த் தைத்தது. நாற்பத்தாறு வயது, இரண்டு கண்டம் தாண்டி வந்த இடம், எனக்காகப் பதில் சொல்ல ஒரு ஆள் இல்லை. “ஒரு வாரம் கொடுங்கள்” என்றேன். கொடுத்தார்.

நிறுவனத்தில் கேட்டேன். ஊழியருக்குப் பிணை நிற்பது விதியில் இல்லை என்றார்கள். வேலைச் சான்று மட்டும் தந்தார்கள்.

இதெல்லாம் என் தையல் பிரிவு மேற்பார்வையாளருக்குத் தெரியும், என் குறிப்பேட்டுச் சொற்களுக்கு அதிகம் பொருள் சொன்னவர் அவர்தான். ஐம்பத்தெட்டு வயது. பதினாறு வயதிலிருந்து மெஷினில் உட்கார்ந்தவர். வடக்கே பெய்யோ ஊர்க்காரர். அந்த ஊரில் 1920-இல் துணி ஆலைப் பெண்கள் ஏறக்குறைய 400 பேர் பெத்சாபே எஸ்பினால் என்ற தொழிலாளியின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள், தொல்லை கொடுக்கும் கண்காணிகளை விலக்கச் சொன்னார்கள், செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்யும் உரிமையும் கேட்டார்கள். இதை எனக்குச் சொன்னபோது அவர் தன் காலணியைத் தொட்டுக் காட்டினார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, என்னைப் பார்க்காமல் தன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். “எனக்கு வீடு இருக்கிறது. நான் கையெழுத்துப் போடுகிறேன்.”

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது. என் அப்பா ஒருமுறை ஒரு நூல் வியாபாரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் ஊரை விட்டுப் போனபிறகு நான்கு வருடம் அப்பா கட்டினார். அம்மாவின் வளையல் அந்த நான்கு வருடத்தில்தான் போனது. “யாருக்கும் ஜாமீன் போடாதீங்க கண்ணு, யார்கிட்டயும் கேக்கவும் கேக்காதீங்க” என்பதைச் சொத்துப்போல எங்களுக்கு விட்டுப்போனார். நான் வாடகை கட்டத் தவறினால், நடுவில் விசா ரத்தாகி ஊர் திரும்ப நேர்ந்தால், மேற்பார்வையாளர் அம்மாவின் வீட்டு வாசலுக்கு வழக்கு வரும். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அப்பாவின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ‘நூல்’ தெரியும், ‘அப்பா’ தெரியும், ‘கையெழுத்து’ இந்த மாதம் கற்றது. ஏமாற்றம் என்ற சொல் தெரியவில்லை. கையில் வளையல் இருந்த இடத்தைத் தடவிக் காட்டினேன். அவர் முழுதும் கேட்டார். “அந்த மனிதர் போய்விட்டார். நீங்கள் தினமும் காலை ஆறு மணிக்கு என் எதிரில் நிற்கிறீர்கள்” என்றார்.

ஞாயிறன்று பெய்யோவில் அவர் வீட்டுக்குப் போனேன். செங்குத்தான படிகளில் ஏறிப் போக வேண்டும். இந்த நாட்டில் குடியிருப்புகளை 1 முதல் 6 வரை ‘எஸ்த்ராத்தோ’ என்ற அடுக்குகளாகப் பிரித்திருக்கிறார்கள். கீழ் அடுக்குகளுக்கு மின்சாரமும் தண்ணீரும் மானியத்தில் வரும், 5, 6-இல் இருப்பவர்கள் அதற்காகக் கூடுதலாகக் கட்டுவார்கள். அவர் வீடு 2, நான் குடிபோக நினைத்த வீடு 5. என் வீட்டுக்கு அவர் வீடு பிணை. முப்பது வருடத்தில் ஓர் அறை, இன்னோர் அறை, மேல்தளம் என்று கட்டிய வீடு. பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். சொத்து யார் யார் கை மாறி வந்தது, அதன்மேல் அடமானமோ வழக்கோ உண்டா என்று காட்டும் சான்று. நம் வில்லங்கச் சான்றிதழேதான். அதற்கு இங்கே உள்ள பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் சொன்னால் ‘மரபு, விடுதலைச் சான்று’ என்று வரும். புதிதாக எடுத்ததுதான் செல்லும் என்பதால் எனக்காகவே போய் எடுத்து வந்திருந்தார்.

ஒப்பந்தம் எழுதுபொருள் கடையில் விற்கும் அச்சுப் படிவம். இரவுக்கு ஒரு பக்கம் படித்தேன். வாடகைக்கு அதில் ‘கானோன்’ என்று ஒரு பழைய சொல் இருந்தது. ஏழாவது பிரிவு புரியவே இல்லை. எதையோ நான் ‘விட்டுக்கொடுக்கிறேன்’ என்று இருந்தது. அந்தப் பிரிவைப் படம் எடுத்து வீட்டுக்கார அம்மாவுக்கு அனுப்பினேன். ஒன்பது நிமிடக் குரல் பதிவு வந்தது, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல மெதுவாக. வாடகை தவறினால் முன்னறிவிப்புக் கேட்கும் உரிமையை நான் கைவிடுகிறேன் என்பது அதன் பொருள். இது எல்லாப் படிவத்திலும் இருப்பது என்றும், ஆனாலும் தான் முதலில் கூப்பிட்டுக் கேட்பேன் என்றும் சொன்னார். வீடு தேடி இப்படி வெளிநாட்டுக்குப் போகிறவர்களிடம் நான் ஒன்று சொல்வேன். புரியாத பிரிவில் கையெழுத்துப் போடாதீர்கள், கேட்கக் கூச்சப்படவும் வேண்டாம். நிதானமாகப் படிக்கிறவளுக்கு வீட்டைக் கொடுக்க அந்த அம்மா அதிகம் விரும்பினார் என்று பின்னால் எனக்குத் தெரிந்தது.

மார்ச் கடைசியில் நொத்தாரியாவில், அதாவது பத்திரங்களுக்குச் சான்று செய்யும் அலுவலகத்தில், மூவரும் டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். அவர்கள் இருவரும் கண்ணாடிக் கருவியில் விரல் வைத்தார்கள். எனக்கு மைப்பெட்டி. மேற்பார்வையாளர் கையெழுத்தை அவசரப்படாமல், சாய்வாக, முழுப் பெயரும் தெரியும்படி போட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கட்டைவிரல் மையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இருந்தது. ஒப்பந்தத்தோடு இணைத்த பொருள் பட்டியலே எனக்கு அடுத்த ஸ்பானிஷ் பாடம். சாவிக்கும் குழாய்க்கும் இங்கே ‘யாவே’ என்று ஒரே சொல். எத்தனை யாவே என்று எண்ணும்போது எந்த யாவே என்றும் கேட்க வேண்டியிருந்தது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்தேன். 1955-இல் தொடங்கிய நகராட்சி நிறுவனம் தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றுக்கும் அனுப்புவது ஒரே பில். வாடகையை ஒவ்வொரு மாதமும் முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்பே கட்டினேன். ரசீதைப் படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்புவேன். அவர் கேட்டதில்லை. பதிலுக்கு ஒரு பூ வரும், ஒரு காபிக் கோப்பை வரும்.

காலி செய்வதை மூன்று மாதம் முன்பே தபாலில் எழுத்தாகத் தெரிவிக்க வேண்டும். 2023 டிசம்பரில் அந்தக் கடிதத்தை நானே எழுதினேன். வீட்டுக்கார அம்மா இரண்டே இடத்தில் திருத்தினார். அடுத்த மார்ச்சில் சுவருக்குச் சுண்ணாம்பு நிறம் அடித்து, கடைசி பில் கட்டி, சாவியையும் குழாயையும் எண்ணி ஒப்படைத்தபோது அவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கணக்குத் தீர்ந்தது, பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று. ‘பாஸ் இ சால்வோ’ என்பார்கள். ‘பாஸ்’ என்றால் அமைதி.

பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு, அசல் தாளோடு பெய்யோவின் படிகளில் ஏறினேன். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, நின்றபடியே இரண்டு முறை படித்தார். உள்ளே போய் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். வீட்டின் சான்றுக்குப் பின்னால் என் தாளை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, மூடினார்.

“உட்காருங்க. மசமோர்ரா இருக்கு, பால் ஊத்தட்டுமா?”